சித்தப்பா, அவனை மனு பார்க்க வாருங்கள்

அன்புள்ள சித்தப்பா,

சிறையில் இருக்கும் உங்கள் மகனைப் பற்றி, "இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று நீங்கள் சொல்லிவிட்டதாகச் சித்தி அழுதார்கள். பெயர்களை விட்டுவிட்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன். மகன் உள்ளே போனதும் பேச்சை நிறுத்திக்கொண்ட அப்பாக்கள் நம் குடும்பத்தில் மட்டும் இல்லை.

தம்பி கம்பெனிப் பணத்தைக் கையாடினான் என்பது குற்றச்சாட்டு. அது உண்மையா என்பதை நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை. அவன் இப்போது விசாரணைக் கைதி, அவ்வளவுதான். நாளைக்கே தண்டனை கிடைத்தாலும் அது சிறைவாசமாக இருக்குமே தவிர, அப்பா இல்லாமல் போவது அதில் சேராது.

பாளையங்கோட்டைச் சிறைக்கு மனு பார்க்க, அதாவது மனு கொடுத்து அவனைச் சந்திக்க, நான் போகும்போதெல்லாம் அவன் வழக்கைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கிறான். முதல் கேள்வி, "அப்பா சாப்பிடுகிறாரா?" அடுத்து உங்கள் சர்க்கரை மாத்திரை. கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் பாதி காதில் விழாது. ஆனாலும் உங்களைப் பற்றி நான் சொல்வதை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. அந்த வழக்கில் 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பில், குடும்பமும் நண்பர்களும் வந்து பார்ப்பது தனிமையில் அடைபட்டவனுக்கு ஆறுதல் என்றும், அதைத் தடுப்பது மனிதத்தன்மையற்ற செயல் என்றும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அவர் சொன்னது சிறை நிர்வாகத்துக்கு. நம் வீட்டில் அவனைப் பார்க்கவிடாமல் தடுப்பது எந்த நிர்வாகமும் இல்லையே, சித்தப்பா.

அற்புதம்மாளை உங்களுக்குத் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் அவருடைய மகன் பேரறிவாளன் கைதானபோது, மகனுக்கு வயது 19. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவிக்கும் வரை, 31 ஆண்டுகள், அந்த அம்மா சிறைவாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தார். ஊர் என்ன பேசும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உங்களால் மட்டுமே ஆகக்கூடிய காரியமும் ஒன்று இருக்கிறது. இதுபோன்ற வழக்கில் 60 நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பது அவன் உரிமை. ஆனால் ஜாமீன் உத்தரவு வந்த உடனே கதவு திறந்துவிடாது. இரண்டு ஜாமீன்தாரர்கள் கையெழுத்திட வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று பல நேரங்களில் நிபந்தனை போடுகிறார்கள். உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். என் தம்பி அப்படிக் கிடக்கக் கூடாது. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு நான் பேசுகிறேன்.

நேரில் வர மனம் ஒப்பவில்லை என்றால் முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். சிறைக்குப் போகும் கடிதத்தை அதிகாரிகள் படிப்பார்கள். அதனால் வழக்கைப் பற்றி ஒரு வரி கூட வேண்டாம். அறிவுரையும் வேண்டாம், அது அவனிடம் இப்போது நிறையவே இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, மாடு கன்று போட்டதா, கோயில் கொடைக்கு வரி எவ்வளவு என்று எழுதுங்கள். வீடு தன்னை விட்டு நகர்ந்துவிடவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். கோபம் தீரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். உங்கள் கோபத்தை அவன் தாங்கிக்கொள்வான், நீங்கள் பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்கிறான்.

அடுத்த மனுவுக்கு நானும் சித்தியும் காலையிலேயே கிளம்புகிறோம். உங்கள் ஆதார் அட்டையை எடுத்து வையுங்கள், வாசலில் கேட்பார்கள்.

உங்கள் அண்ணன் மகள்