65-இன் குரலும் 2017-இன் குரலும்: பதிவுப் பணிக்கு நன்கொடை தாரீர்

அன்புடையீர், வணக்கம்.

போன வருடம் மதுரையில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தோம். பழைய டைரிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த துண்டறிக்கை ஒன்றை விரித்துக் காட்டினார். 1965 ஜனவரியில் விடுதியில் அறை அறையாகப் போய்க் கொடுத்ததாம். மடிப்பு விழுந்த இடத்தில் எல்லாம் எழுத்து உதிர்ந்திருந்தது. உதிர்ந்த வரிகளை அவர் தாளைப் பார்க்காமலே சொன்னார். அடுத்த முறை ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். தாளை அவர் மகள் எங்களிடம் தந்திருக்கிறார். அந்த வரிகள்தான் எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை.

1965 இந்தி எதிர்ப்புப் போரிலும் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்திலும் இருந்தவர்களின் பேச்சைப் பதிவு செய்யும் எங்கள் குழு அப்படித் தொடங்கியதுதான்.

65 இந்தி எதிர்ப்புப் போரில் மாணவராக இருந்தவர்களுக்கு இன்று எண்பது வயதுக்குப் பக்கம். ஜனவரி 25 மதுரை ஊர்வலமும், 27 அன்று சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் இராசேந்திரன் இறந்ததும் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் ஒரு விடுதியில் எடுத்த முடிவு, போன் வசதி இல்லாத காலத்தில், அடுத்த ஊர்க் கல்லூரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதை அன்று செய்தி கொண்டு போனவர்தான் சொல்ல வேண்டும்.

2017-ஐப் பற்றி அந்தக் கவலை வேண்டாம், எல்லாம் போனில் இருக்கிறது என்று நாங்களும் நினைத்திருந்தோம். அது தப்பு. மெரினாவில் ஆறு நாள் இருந்த ஒரு தங்கையிடம் இன்று ஒரு படம்கூட இல்லை. எல்லாம் பழைய போனோடு போய்விட்டது. ஜனவரி 23ஆம் தேதி காலை போலீஸ் விரட்டியபோது நடுக்குப்பத்தில் தங்களை உள்ளே சேர்த்துக்கொண்ட வீட்டின் வாசலை மட்டும் அவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்.

இரண்டு தலைமுறையிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கிறோம். முதலில் யார் சொல்லிப் போனீர்கள்? சாப்பாடு யார் கொடுத்தது? வீட்டுக்குத் தெரிந்ததும் என்ன நடந்தது? பயம் எப்போது வந்தது? பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறையத் தெரிகிறது. 65-இல் மாணவர் தலைவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் 1967-இல் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்தார். 2017-இல் தலைவர் வேண்டாம் என்றே உட்கார்ந்தார்கள், கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஜல்லிக்கட்டுக்கு ஒரு வாரத்தில் சட்டம் வந்தது. இந்தியோடு ஆங்கிலமும் தொடர வழி செய்த ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்துக்கு, 65-இல் போராடியவர்கள் 1967 கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எது பெரிய போராட்டம் என்று நாங்கள் மார்க் போடப் போவதில்லை. இவர்கள் பேசுவதை அவர்களும், அவர்கள் பேசுவதை இவர்களும் கேட்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை.

சரி, பணத்துக்கு வருவோம். தலைமுறைக்கு 40 பேர் என்று 80 பேரைப் பதிவு செய்ய, பயணம், கருவி, தட்டச்சு, பழைய தாள்களை ஸ்கேன் செய்வது எல்லாம் சேர்த்து ₹4,80,000 ஆகும். உறுப்பினர்கள் போட்டது ₹1,35,000. நீங்கள் ₹1,000 தந்தால் ஒருவருடைய ஒரு மணி நேரப் பேச்சு எழுத்தாகும். எந்தக் கட்சியிடமும் பணம் வாங்க மாட்டோம். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு, கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும். பெயர் வேண்டாம் என்பவர்களின் பெயர் வெளியே வராது. பதிவுகளை யாரும் இலவசமாகக் கேட்கலாம்.

பணம் தர முடியாவிட்டால் ஒரு முகவரி தாருங்கள். உங்கள் தாத்தாவோ, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரோ அன்று ஊர்வலத்தில் போனவராக இருக்கலாம். அப்புறம், பரணில் கிடக்கும் பழைய டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். திருச்சி, சிதம்பரம் பக்கம் மட்டும் இந்த மாதமே போயாக வேண்டிய வீடுகள் ஆறு இருக்கின்றன.

அன்புடன்,
பதிவுக் குழுவினர்