மண்வள அட்டையில் இல்லாத ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயல் மண்ணைச் சோதித்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் மண்வள அட்டையில் 12 அளவுகள் வருகின்றன: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், 5 நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பு, கரிமம். மண் எவ்வளவு இறுகிக் கிடக்கிறது, தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. சத்துக் குறைந்தால் உர மூட்டை வாங்கிப் போடலாம். மண் இறுகிவிட்டால் போட்ட உரத்தையும் வேர் தேடிப் போக முடியாது.

கொங்குப் பகுதியில் இப்போது பெரும்பாலும் ரொட்டவேட்டர்தான் (டிராக்டரில் பூட்டும் சுழல்கலப்பை) ஓடுகிறது. அதன் கத்தி 10, 15 செ.மீ. ஆழத்துக்கு மேல் போவதில்லை. வருஷக்கணக்கில் அதே ஆழத்தில் ஓட்டினால், அதிலும் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஓட்டினால், கத்தி படும் இடத்துக்குக் கீழே மண் பூசி மெழுகியதுபோல் தளம் கட்டிவிடும். மேல்மண்ணோ மாவாகிவிடும். செவ்வல் காட்டில் அந்த மாவின் மேல் ஒரு மழை அடித்து வெயில் காய்ந்தால் ஏடு படியும். கடலையும் எள்ளும் முளைத்தும் மேலே வர முடியாமல் மடங்கிப்போகும். மஞ்சள் தோட்டத்தில் தளத்தின் மேல் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும். அதை வெறும் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிப் பயனில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். பாசனம் செய்து இரண்டு நாள் கழித்து, விரல் பருமனுள்ள இரும்புக் கம்பியை நிலத்தில் கையால் அழுத்துங்கள். ஓரிடத்தில் திணறி, அதைத் தாண்டியதும் சட்டென்று இறங்கினால் அது உழவுத் தளம். 'ணங்' என்று நின்றுவிட்டால் சுக்கான்பாறை (சுண்ணாம்புப் பாறை). அதற்கு வைத்தியம் வேறு.

இறுக்கத்தைக் கணக்கிடுவதும் எளிதுதான். உள் அகலம் 10 செ.மீ., நீளம் 10 செ.மீ. உள்ள இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இறக்கி, சிதறாமல் எடுத்தால் 785 கன செ.மீ. மண் கிடைக்கும். வாணலியில் ஈரம் முழுக்கப் போகும்வரை வறுத்து எடை போடுங்கள். 1,180 கிராம் இருந்தால், 785-ஆல் வகுக்க 1.5, அதாவது ஒரு கன செ.மீ. மண்ணின் எடை 1.5 கிராம். இந்த எண் கூடக் கூட மண் இறுக்கம் அதிகம். மணற்பாங்கான செம்மண்ணுக்கு இது பரவாயில்லை, 1.7-ஐத் தாண்டினால்தான் வேர் திணறும். களி மிகுந்த கரிசலில் அதே 1.5 வந்தாலே ஆபத்து. ஈரத்தோடு நிறுத்தால் கணக்குப் பொய்யாகும்.

தளம் இருந்தால், அடிமண்ணை ஆழமாகக் கிழிக்கும் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் சுமார் 40 செ.மீ. ஆழத்துக்கு ஓட்டி, பிறகு குறுக்கே ஒருமுறை ஓட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும். அடிமண் காய்ந்திருக்கும் கோடையில்தான் இது பலிக்கும். ஈரக் கரிசலில் ஓட்டினால் உளி கோடு மட்டும் கிழிக்கும், தளம் உடையாது. உடைத்த கையோடு ஏக்கருக்கு 5 டன் மக்கிய எரு போடாவிட்டால் சீக்கிரமே பழையபடி இறுகிவிடும். மக்காத தென்னை நார்க்கழிவு உதவாது, இருக்கும் தழைச்சத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

உழவுக்கு முன் ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போடுங்கள். சிதறினால் பதம். சப்பென்று ஒட்டினால் டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், வாடகை போனாலும் சரி.

வேளாண் துறை அட்டையில் மண்ணின் நயத்தையும் (மணலும் களியும் எவ்வளவு என்பது) இறுக்கத்தையும் இரண்டு வரியாகச் சேர்க்க வேண்டும். கோடை உழவு தொடங்கும் முன் வட்டாரந்தோறும் உளிக்கலப்பை வாடகைக்குக் கிடைக்கவும் ஏற்பாடு வேண்டும்.

இப்படிக்கு,
விவசாய வாசகர்கள்,
பல்லடம் வட்டாரம்.