அந்தப் படத்துக்குக் கீழே போட்ட சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்க நாட்டுப்புற இசைவிழாக்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் ஒரு படத்துக்குக் கீழே 'பாவாடை கட்டிய ஆண்கள்' என்று போட்டிருந்தீர்கள், அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் கட்டியிருந்தது கில்ட், ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டுகிற கொசுவம் வைத்த உடை. நான் சியாட்டிலில் இருப்பவன். மே கடைசியில் மெமோரியல் டே விடுமுறையை ஒட்டி நான்கு நாள் நடக்கும் நார்த்வெஸ்ட் ஃபோக்லைஃப் விழாவுக்கு வருஷம் தவறாமல் போகிறேன், கொஞ்ச காலமாக கில்ட் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.

1972 முதல் நடக்கிற விழா அது. ஸ்பேஸ் நீடில் கோபுரத்தின் காலடியில், டிக்கெட் கிடையாது, மனமிருந்தால் நன்கொடை கொடுக்கலாம். மே மாதத்து சியாட்டிலில் காலையில் தூறல் போட்டுவிட்டு மத்தியானம் வெயிலடிக்கும், ஈரப் புல்லில் உட்கார்ந்து பிடிலும் பாஞ்சோவும் கேட்டுவிட்டு எழுந்தால் ஜீன்ஸ் சாயங்காலம் வரை காலோடு ஒட்டிக்கொண்டே வரும். கில்ட்டில் அந்தத் தொல்லை இல்லை, காற்று வருகிறது, நடந்தால் காய்ந்துவிடுகிறது.

அங்கே நிறையப் பேர் கட்டுவது ஸ்காட்லாந்துக் கல்யாணங்களில் பார்க்கிற, எட்டு கெஜம் வரை பிடிக்கிற கட்டம் போட்ட கம்பளிக் கில்ட் இல்லை. முரட்டுப் பருத்தித் துணி, ஒரே நிறம், பக்கவாட்டில் தண்ணீர்ப் புட்டி போகிற அளவுக்குப் பை, இடுப்பில் டிச் பட்டன், பின்பக்கம் கொசுவம். இந்த மாதிரியை யூட்டிலிகில்ட்ஸ் என்ற பெயரில் 2000-இல் தைத்து விற்க ஆரம்பித்ததும் இதே சியாட்டில்தான். அதனால் எங்கள் ஊரில் இது மாறுவேஷம் ஆகாது, வேலைக்கும் கடைக்கும்கூடக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

இது ஸ்காட்லாந்து மரபைக் கெடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். சரி, மரபையே பார்ப்போம். தோள் வரை சுற்றிக் கட்டிய நீளத் துணியின் மேல்பாதி போய், இடுப்புக்குக் கீழே மட்டும் கட்டுகிற சின்ன கில்ட் பரவியதே 18-ஆம் நூற்றாண்டில்தான். அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக நடந்த யாக்கோபைட் கிளர்ச்சியை அடக்கிய பின் பிரிட்டிஷ் அரசு 1746-இல் சட்டம் போட்டு, படையில் இருப்பவர்கள் தவிர ஸ்காட்லாந்து ஆண்கள் யாரும் இதைக் கட்டக்கூடாது என்றது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுபடியும் கட்டினால் ஏழு வருஷ நாடுகடத்தல். 1782 வரை அந்தச் சட்டம் இருந்தது. இவ்வளவும் தாண்டி வந்த உடையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதா?

விழாவில் எதிரெதிர் வரிசையில் நின்று ஆடுகிற கான்ட்ரா என்ற நாட்டுப்புற நடனத்தில் ஜோடி சேர்ந்து சுழலும்போது கொசுவம் விரியும், அது பார்க்கவே அழகு, அப்படி விரிவதால்தான் ஆடுகிறவர்கள் உள்ளே ஒரு அரைக்கால் சட்டை போட்டுக்கொள்கிறார்கள். உட்காரும்போது பின்கொசுவத்தைக் கையால் நீவிவிட்டு உட்கார வேண்டும். வேட்டி கட்டிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் தானாக வரும்.

தானாக வராதது சுற்றியிருப்பவர்களின் மரியாதைதான். 'உள்ளே என்ன போட்டிருக்கிறாய்' என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்கிறார்கள். போன வருஷம் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஒருவர் பின்னாலிருந்து தூக்கியே பார்த்தார், கூட வந்தவர்கள் சிரித்தார்கள், பக்கத்தில் என் பத்து வயது மகள் நின்றுகொண்டிருந்தாள். அன்று பாட்டு எதுவும் காதில் ஏறவில்லை, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு பெண்ணின் உடையில் கைவைத்தால் அதை என்னவென்று சொல்வோமோ இதுவும் அதேதான். ஆண் கட்டினால் சிரிப்பு என்று பத்திரிகையும் சேர்ந்து எழுதும்போது அந்தக் கைக்குத் துணிச்சல் கூடுகிறது.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். 'கில்ட் கட்டிய ஆண்கள்' என்று போட்டாலே போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
சியாட்டில்