வயதை விடுங்கள், வேலை தெரியுமா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் கடலூர், புதுச்சேரி கம்பெனிகள் அக்கவுண்டன்ட் தேடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிய வேண்டும், ஜிஎஸ்டி தெரிய வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் கூடவே ‘35 வயதுக்குள்’ என்று போடுகிறார்களே, அது ஏன்?

எனக்கு 47 வயது, மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் 7 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். 2013இல் மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டேன். அவரைப் படுக்கையில் திருப்பிப் படுக்க வைக்கவும், விடியற்காலையில் ஜிப்மர் ஓ.பி.க்கு அழைத்துப் போகவும் வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர் காலமான பிறகு, மகனும் கல்லூரிக்குப் போய்விட்டதால், முழுநேர வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினேன்.

போன இடங்களில் கணக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. “இவ்வளவு கேப் இருக்கே மேடம், இனிமே ஜிஎஸ்டி எல்லாம் உங்களுக்குப் பிடிபடுமா?” என்றார்கள். ஓர் இடத்தில், இந்த வருடம் படிப்பு முடித்த பிள்ளைகளுக்குத் தரும் சம்பளம்தான் தருவோம் என்றார்கள்.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1இல் வந்தது. என் காலத்தில் மாநிலத்துக்குள் விற்றால் வாட், வெளிமாநிலத்துக்கு விற்றால் சிஎஸ்டி என்ற மத்திய விற்பனை வரி. புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் சரக்கு போனாலே வெளிமாநில விற்பனைதான். வாங்குபவர் சி பாரம் என்ற படிவத்தைக் கொடுத்தால் 2 சதவீத வரி, கொடுக்காவிட்டால் கூடுதல். அந்தப் பாரத்துக்காகப் போன் போட்டுக்கொண்டே இருப்போம். இன்று அதே சரக்குக்கு ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி. எல்லையான முல்லோடையைத் தாண்டினால் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 34க்குப் பதிலாக 33 என்று தொடங்கும். அதைப் பார்க்காமல் உள்மாநில வரி போட்டு பில் அடித்தால் பிறகு திருத்துவது பெரும்பாடு. சி பாரத்தோடு மல்லாடிய எனக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை. 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி என்ற மாதாந்திர ஓட்டமெல்லாம் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் பகுதிநேரமாக உட்கார்ந்து பழகியது.

கடைசியில் கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில், ஒரு மாதக் கொள்முதல் பில்களைக் கையில் கொடுத்து, விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி பட்டியலோடு ஒப்பிட்டுத் தரச் சொன்னார்கள். விடுபட்ட பில்களைக் காட்டினேன். வேலை கிடைத்தது. மற்றவர்களும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாமே! வயது வரம்பைப் போடாமல் இருக்கும்படி விளம்பரம் தருபவர்களிடம் உங்கள் நாளிதழே எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அரசு நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களில், இடையில் வேலையை விட்டவர்களுக்கென்று தனி மேசையும் போடலாம்.

2017இல் செய்த சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். மிக நல்ல சட்டம். ஆனால் படுத்த படுக்கையான பெரியவர்களுக்காக வேலையை விடும் என் போன்றவர்களுக்குத் தனியார் வேலையில் என்ன ஏற்பாடு இருக்கிறது? பெண்கள் பலர் வேலையை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்தானே?

வேலையை விடும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிஎஃப் பென்ஷன் பங்கை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். 10 ஆண்டு சேவை இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். பணத்தை எடுத்துவிட்டால் பழைய சேவைக் காலம் கணக்கில் வராது. நான் எடுக்காமல் விட்டிருந்தேன். அந்த 7 ஆண்டுகள் அப்படியே நிற்கின்றன, இன்னும் 3 ஆண்டுகள் உழைத்தால் போதும். பழைய பிஎஃப் எண்ணை யுஏஎன் என்ற நிரந்தர பிஎஃப் எண்ணோடு இணைப்பதற்கு, வேலை பார்த்த கம்பெனியின் பெயரும் சேர்ந்த, விலகிய தேதிகளும் தேவைப்படும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்