கோயில் காசைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஆலயங்களைப் பொறுப்பாக நடத்தும் வண்ணக்கர்மாருக்கும் பரிபாலன சபையினருக்கும், பள்ளிவாசல் மரைக்காயர்மாருக்கும், ஊர்ச் சங்கங்களை நடத்துகின்ற அனைவருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆள். 27 வருடம் வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். உங்களில் பலருடைய கணக்குப் புத்தகங்கள் என் கையால் பதியப்பட்டவை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவின் மகன் ஐரோப்பாவில் இருக்கிறான். மூன்று வருடத்துக்குமுன் எங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம் வைத்தபோது, சபையிலிருந்து அவனுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். “தம்பி, நீங்கள் வாறீர்கள்தானே, அங்குள்ள ஆட்களிடம் சேர்த்து அப்படியே கையில் கொண்டு வந்திடுங்கோ” என்றார்கள். அவனும் இரண்டு மாதம் வேலை முடிந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கி, 46 குடும்பங்களிடம் 21,000 யூரோ சேர்த்தான். ஒவ்வொரு குடும்பமும் கடித உறையில் பெயரெழுதிக் கொடுத்தது. அந்த உறைகளை அப்படியே தோள்பையில் அடுக்கிக்கொண்டு விமான நிலையம் போனான்.

அங்கே காசு மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய் ஒன்று பையருகே வந்து உட்கார்ந்தது. நோட்டின் மையையும் தாளையும் அவை மணந்து கண்டுபிடிக்கும் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டாராம்: எவ்வளவு இருக்கிறது, யாருடைய காசு, எங்கிருந்து வந்தது, யாரிடம் போகிறது, எதற்காக. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவித்தல் படிவத்தில் இருக்கிற கேள்விகளும் இவைதான். அவன் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். “யாருடைய காசு” என்பதற்கு என்ன எழுதுவது? 46 பேருடையதா, கோயிலுடையதா, அவனுடையதா? கையில் சபையின் கடிதம் ஒன்றுகூட இல்லை. உறைகளில் இருந்ததெல்லாம் “செல்வி அக்கா குடும்பம்”, “கடைக்காரத் தம்பி” போன்ற பெயர்கள்.

காசைத் தடுத்து வைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூன் 3 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, இப்படி அறிவிக்காத காசை முதலில் 30 நாட்களுக்கு நிறுத்தி வைக்கலாம். தேவையென்றால் 90 நாள்வரை நீட்டலாம். அந்தத் தொண்ணூறு நாளுக்குள் அவன் 46 வீடுகளிலும் கடிதம் வாங்கி, சம்பளச் சிட்டைப் பிரதிகள் வாங்கி, மொழிபெயர்த்துக் கொடுத்தான். அபராதம் கழித்து மிச்சம் கிடைத்தது. அதற்குள் கும்பாபிஷேகம் முடிந்து, நாற்பத்தெட்டாம் நாள் மண்டலாபிஷேகமும் முடிந்துவிட்டது.

காசு திரும்பி வந்துவிட்டது. அவனுடைய பேர் மட்டும் இன்னும் வரவில்லை. “காசை எடுத்துக்கொண்டு கதை விடுகிறான்” என்று சந்தியில் ஒருவர் சொன்னதை அக்கா காதால் கேட்டிருக்கிறா. அபராதமாகக் கழிந்ததை அவன் தன் கையிலிருந்து ஈடுசெய்து, முழுத் தொகையையும் பிறகு வங்கி வழியாக அனுப்பிவைத்தான். ஆனாலும் அவனுக்காக ஒருநாள் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்ல எந்தச் சபை உறுப்பினருக்கும் மனம் வரவில்லை. அவனைக் காசு சேர்க்கச் சொன்னதும், கையில் கொண்டுவரச் சொன்னதும் நாங்கள்தான் என்று ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் போதும்.

சபையாரே, கொண்டுவருகிறவரைத்தான் சட்டம் கேட்கும். அங்கே சபை நிற்காது, சங்கம் நிற்காது. அந்தப் பிள்ளை மட்டும் தனியாக நிற்கும். இதை நீங்கள் முதலில் மனதில் எடுக்க வேண்டும்.

கையில் கொண்டுவரும் பழக்கம் எங்களுக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வங்கி எங்கே இருந்தது? மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் கடந்துதான் காசு போனது. பாலம் திறந்ததே 2014 இல். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் அவருடைய இடுப்புப் பட்டிக்குள்தான் பத்து வீட்டுச் சாப்பாடு இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபிறகும், கல்லடியிலிருந்து திருக்கோவில் வரைக்கும் உறவுகள் கையில் காசோடு ஓடிவந்தன. அன்றைக்கு அது பெரிய உதவி. பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை ஏறியது. அதற்கு முன் பல மாதம் வங்கி விலையும் வெளி விலையும் வேறு வேறாக இருந்தன. வங்கியில் போட்டால் நட்டம் என்று எல்லோருக்கும் பட்டது. வங்கியில்லாமல் காசு கைமாற்றுகிற உண்டியல்காரரிடமும் கைப்பையிடமும் சனம் போனதில் வியப்பில்லை.

அந்தக் காரணங்கள் இப்போது இல்லை. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

விதிகளைச் சொல்கிறேன். இவற்றை உங்கள் அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சடித்தால் நான் சந்தோஷப்படுவேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வரும்போதும் அங்கிருந்து வெளியே போகும்போதும் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் இருந்தால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிரித்தானியாவில் 10,000 பவுண், கனடாவில் 10,000 கனடிய டொலர், அவுஸ்திரேலியாவில் 10,000 அவுஸ்திரேலிய டொலர். தாண்டினால்தானே என்று நினைக்காதீர்கள், சரியாகப் பத்தாயிரம் என்றாலே அறிவிக்க வேண்டும். சுவிஸில் தானாகப் போய் அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் 10,000 பிராங்கோ அதற்கு மேலோ இருந்து, கேட்டால் உண்மையான பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்கள் பலர் சுவிஸிலிருந்து காரில் வந்து ஜேர்மனியிலோ இத்தாலியிலோ விமானம் ஏறுகிறார்கள். எல்லையைத் தாண்டிய நிமிடமே ஐரோப்பிய ஒன்றிய விதி அவர்கள்மேல் வந்துவிடும்.

காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் அதிகம். கட்டாரில் 50,000 ரியாலோ அதற்கு மேலோ இருந்தாலும், ஐக்கிய அரபு இராச்சியத்தில் 60,000 திர்ஹத்துக்கு மேல் போனாலும் அறிவிக்க வேண்டும். தனியாள் ஒருவருடைய சேமிப்பு அந்த அளவுக்குப் போவது குறைவு. அறையில் இருக்கிற பத்துப் பேர் பள்ளிக்கென்று சேர்த்து ஒருவர் கையில் கொடுக்கும்போதுதான் தொகை அங்கே போய் முட்டுகிறது.

“நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் சரிதானே” என்று ஒரு வண்ணக்கர் என்னிடமே கேட்டார். சரியில்லை ஐயா. பிரித்தானியாவில் குடும்பமாகவோ குழுவாகவோ பயணம் செய்தால் எல்லோருடைய காசையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். தனித்தனியாகப் பத்தாயிரத்துக்குக் குறைவாக இருந்தாலும் மொத்தம் தாண்டினால் அறிவிக்க வேண்டும். மனைவி பையில் கொஞ்சம், பிள்ளையின் விளையாட்டுப் பையில் கொஞ்சம் என்று பிரித்து வைத்தது பிடிபட்டால், மறந்துவிட்டோம் என்று சொல்லவே முடியாது. திட்டமிட்டு ஒளித்ததாகத்தான் அது தெரியும்.

இனி எங்கள் பக்கம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்போது 15,000 அமெரிக்க டொலருக்கு மேல் பெறுமதியான வெளிநாட்டுக் காசு இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த விதி அது. என் மருமகன் அங்கே பிடிபடாமல் வந்திருந்தாலும் 21,000 யூரோவோடு இங்கே மாட்டியிருப்பான். அறிவிக்காத காசைச் சுங்கம் பறிமுதல் செய்யலாம். அதோடு, இந்த நாட்டில் ஒருவர் தன் கைவசம் வைத்திருக்கக்கூடிய வெளிநாட்டு நோட்டுகளின் அளவை 2022 ஜூனில் 15,000 டொலரிலிருந்து 10,000 டொலராகக் குறைத்தார்கள். திருவிழா முடியும்வரை பொருளாளர் வீட்டு அலுமாரியில் வெளிநாட்டுக் காசைக் குவித்து வைப்பதும் ஆபத்துத்தான் என்று இதிலிருந்து விளங்கும்.

அறிவித்தால் வரி வெட்டுவார்கள் என்ற பயம் எங்கள் ஊர்களில் மிகவும் ஆழமாக இருக்கிறது. அப்படி எந்த வரியும் இல்லை. வெளிநாட்டுக் காசை எவ்வளவும் நாட்டுக்குள் கொண்டுவரலாம், தொகையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கறுப்புப் பணம் எல்லை தாண்டுவதைத் தடுக்க உலக நாடுகள் எல்லாம் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. நாணயமாக உழைத்துச் சேர்த்த காசுக்கு அந்தப் படிவம் பாதுகாப்பு. முத்திரை குத்திய பிரதி கையில் இருந்தால் வங்கியில் வைப்பிலிடும்போது எங்கே கிடைத்தது என்ற கேள்விக்கு அது ஒன்றே போதும். பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கலை வங்கி எப்படியும் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும் என்பதையும் சபைப் பொருளாளர்கள் அறிந்திருப்பது நல்லது.

சபரிமலைக்கும் சிதம்பரத்துக்கும் ஆட்களைக் கூட்டிப்போகிற குருசாமிமாருக்கும் ஒரு சொல். 40 பேருக்கும் சாப்பாடு, தங்கல், வான் செலவு என்று தலைக்கு 300 டொலர் வாங்கி ஒருவர் கையில் வைத்தால் 12,000 டொலர். இந்தியாவுக்குள் போகும்போது நோட்டாக 5,000 டொலருக்கு மேல் இருந்தால், அல்லது பயணக் காசோலைகளோடு சேர்த்து மொத்தம் 10,000 டொலரைத் தாண்டினால், அதற்குரிய படிவம் நிரப்ப வேண்டும். இங்கேயே 10,000 டொலருக்கு மேல் கைவசம் வைத்திருப்பது பிழை என்று மேலே சொன்னேன். ஆளாளுக்கு அவரவர் செலவுக் காசை அவரவரே வைத்திருந்தால் இந்தக் கஷ்டமே வராது. மிச்ச இந்திய ரூபாயை அடுத்த வருடத்துக்கென்று சாமியறையில் வைப்பதையும் விடுங்கள். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கட்டு கிடந்தது. 2023 மே மாதம் இரண்டாயிரம் நோட்டும் மீளப்பெறப்பட்டது. ஊரில் எத்தனை சாமியறையில் அது இருக்கிறதோ.

பழைய நோட்டு இன்னொரு தொல்லை. நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில், கோயில் உண்டியலிலிருந்து எண்ணிக் கொண்டுவந்த கட்டுகளுக்குள் தாள் பவுண் நோட்டுகள் இருக்கும். இங்கிலாந்தின் தாள் 20, 50 பவுண் நோட்டுகள் 2022 செப்டெம்பர் 30 உடன் புழக்கத்திலிருந்து போய்விட்டன. கொடுத்தவர் பக்தியோடுதான் கொடுத்திருப்பார். எங்களால் வாங்க முடியாமல் திருப்பிக் கொடுத்த நேரங்களில் அந்தப் பொருளாளரின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

கட்டுநாயக்கவிலிருந்து வானில் இரவோடு இரவாக மன்னம்பிட்டி தாண்டி வருகிற அந்தப் பயணத்தைப் பற்றி நான் நீட்டி எழுதத் தேவையில்லை. மடியில் காசுப் பையோடு, தேநீர் குடிக்க இறங்கக்கூடப் பயந்து வருகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதற்கெல்லாம் வழி வங்கிக் கணக்குத்தான். அது உங்களுக்கும் தெரியும். ஏன் தயங்குகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சபைக்குள் பிணக்கு வந்து வழக்குக்குப் போனால் கையொப்பம் வைக்க ஆளில்லாமல் கணக்கு முடங்கும். பழைய தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால் திருப்பணி ஒன்றரை வருடம் நின்றதை நானே கண்டிருக்கிறேன். அதற்குக் காசைக் கையில் வாங்குவது மருந்தாகாது. திருப்பணிக்கென்று தனிக் கணக்கு திறவுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையொப்பமிட்டால் போதும் என்று கூட்டத் தீர்மானத்தில் எழுதுங்கள். நிருவாகம் மாறிய அடுத்த வாரமே புதிய தீர்மானத்தை வங்கிக்குக் கொடுங்கள். கணக்கு இலக்கம், கிளை, வெளிநாட்டிலிருந்து அனுப்பத் தேவையான வங்கியின் சுவிப்ட் குறியீடு மூன்றையும் அழைப்பிதழில் போடுங்கள். 46 குடும்பமும் 46 முறை அனுப்பினால் கட்டணம் கூடத்தான் வரும். அங்குள்ள ஊர்ச் சங்கம் தன் கணக்கில் சேர்த்து, பெயர்ப் பட்டியலோடு ஒரே முறையில் அனுப்பட்டும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வெற்றிலைத் தட்டில் காசை வைத்து, மூலஸ்தானத்துக்கு முன்னால் வண்ணக்கர் கையில் கொடுக்கும்போது ஊர் பார்க்கிறது. இருபது வருடம் பனியில் உழைத்தவருக்கு அந்த ஒரு நிமிடம் பெரிது. அதை நான் குறைவாக எண்ணவில்லை. அந்தத் தட்டில் வங்கிப் பற்றுச்சீட்டை வையுங்கள். கொடுத்தவர் பெயரை அதே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். மரியாதை குறையாது.

அப்படியும் யாராவது கையில் கொண்டுவரத்தான் போகிறார் என்றால், சபையின் கடிதத் தலைப்பில், முத்திரையோடு, எவ்வளவு, எதற்கு, யாரிடம் ஒப்படைக்கப்படும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வேண்டும். கொடுத்தவர்களின் முழுப்பெயர்ப் பட்டியல் அவரிடம் இருக்கட்டும். அவர் தடுக்கப்பட்டால் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்ல ஒருவரை நியமியுங்கள். பிறகு அவரைப் பற்றிச் சந்தியில் பேச்சு வந்தால், எழுந்து நின்று பேசுங்கள்.

வைகாசியில் கண்ணகி சடங்குகள் தொடங்கும், ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலுக்குச் சனம் வரும். வெளிநாட்டுப் பிள்ளைகள் பயணச் சீட்டுப் பார்க்கிற நேரம் இது. கணக்குத் திறக்கும் படிவமோ, சபைக் கடிதமோ எழுத உதவி தேவையானால் வாருங்கள். சனிக்கிழமைகளில் பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன், என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி