முதல் ரோல் பழகுவதற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிம் கேமராக்களின் பக்கம் இளைஞர்கள் திரும்புவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். 35 மி.மீ.யைவிட அகலமான பிலிமில் படமெடுக்கும் மீடியம் பார்மட்டில் எந்த கேமரா உசத்தி, எந்த லென்ஸ் துல்லியம் என்பதையெல்லாம் விரிவாக எழுதியவர், புதியவர்கள் முதலில் தடுமாறும் பிலிம் மாட்டும் வேலையை ஒரே வரியில் கடந்துவிட்டார்.

35 மி.மீ. பிலிம் உலோகக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். மீடியம் பார்மட் கேமராவில் போடும் 120 ரோலுக்கு அந்தக் கூடு கிடையாது. ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள பிலிமோடு சேர்த்துச் சுற்றிய தாள்தான் அதற்குக் காவல். சுற்று தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் புகுந்துவிடும் என்பதால், நிழலில் நின்று, கட்டைவிரலால் ரோலை அழுத்தியபடியே மாட்ட வேண்டும். நான் சொல்லும் மீடியம் பார்மட் கேமராவான யாஷிகா மேட் 124ஜி-யில் புது ரோல் கீழே, பிலிம் போய்ச் சுற்றிக்கொள்ளும் காலி ஸ்பூல் மேலே. தாளிலுள்ள அம்புக்குறி கேமராவின் அடையாளத்துக்கு நேராக வந்த பிறகே பின்கதவை மூடி, கைப்பிடி தானாக நிற்கும்வரை சுற்ற வேண்டும். ஸ்டூடியோவில் சேர்ந்த புதிதில், தாள் ஸ்பூலில் பிடித்ததுமே கதவை மூடிவிட்டு ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போனேன். பால் பொங்கிய அந்த முதல் படம் வெறும் தாளில்தான் விழுந்தது. ஒரு ரோலுக்கு 12 படம்தான், அதிலும் திரும்ப எடுக்க முடியாத படம் அது.

ஆகவே புதியவர்கள் காலாவதியான ரோல் ஒன்றை வாங்கி, பகல் வெளிச்சத்திலேயே பிரித்து, கை பழகும்வரை மாட்டிக் கழற்றிப் பார்க்கட்டும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ரோல்கள் கடைகளில் கிடைத்த காலத்தில் நாங்கள் இதற்குத் தயங்கியதில்லை. இன்றைய விலைக்கு மனம் வராதுதான். ஆனால் அந்த ரோல் வீணாகாது. வீட்டிலேயே கழுவ விரும்புகிறவர்கள், ஒரு முனையில் மட்டும் டேப்பால் தாளோடு ஒட்டியிருக்கும் பிலிமைப் பிரித்து, கழுவும் டேங்கின் ரீலில் சுற்றி ஏற்றுவதை, இருட்டில் செய்ய வேண்டிய வேலை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அதிலேயே பழகலாம்.

யாஷிகா மேட் 124ஜி-யில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்தது. இப்போதைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் அளவு பிசகக்கூடும் என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

அடுத்த இணைப்பில் ரோல் மாட்டும் முறையைப் படிப்படியாகப் புகைப்படங்களுடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோ புகைப்படக்காரர்,
மதுரை