பதின்மூன்று கண் பாலமும் ஆரியங்காவுக் குகையும்

பெரம்பூர்,
சென்னை

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டதாமே, கொடுத்துவைத்தவன் நீ. இங்கே கத்திரி முடிந்தும் வெயில் குறைந்தபாடில்லை. எழும்பூர் ஸ்டேஷனில் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது, ஒரே புழுதி.

செங்கோட்டை – கொல்லம் ரயில் பாதையில், கேரள எல்லைக்குள் இருக்கும் கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலம் பற்றிக் கேட்டிருந்தாய். மீட்டர் கேஜுக்கு, அதாவது ஒரு மீட்டர் அகலப் பழைய பாதைக்குக் கட்டிய கல் பாலத்தில் அகல ரயில் ஓடுகிறதே, பாரம் தாங்குமா என்று. பாரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. கல் வளைவு அமுக்கத்தைத் தாங்குவதற்கென்றே கட்டியது. மேலே எடை ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். அதைக் கெடுப்பது தண்ணீர். அதே பாதையில் இருக்கும் ஆரியங்காவு ரயில் குகைக்கும் அதுதான் எதிரி.

முதலில் வரலாறு, சுருக்கமாக. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம்; 1956-ல்தான் நம் பக்கம் வந்தது. கொல்லம் துறைமுகத்தை மலைக்கு இந்தப் பக்கத்தோடு இணைக்கப் போட்ட பாதை இது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டைக்கு 1903-லேயே ரயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் கொல்லம் – புனலூர் 1904 ஜூனில் திறந்தார்கள். நடுவில் மிச்சமிருந்த மலைப்பகுதி அதே ஆண்டு நவம்பர் 26-ல் முடிந்தது. 2010 செப்டம்பரில் கேஜ் மாற்றத்துக்காக மூடி, 2018-ல்தான் மறுபடி ரயில் விட்டார்கள். பழைய கல் பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தி வைத்துக்கொண்டது நல்ல முடிவு. மலையில் இன்றும் மெதுவாகத்தான் போகும், ஏற்றத்தில் பின்னாலிருந்து இன்னொரு எஞ்சின் தள்ளும்.

பாலத்துக்கு வருவோம். நூறு மீட்டருக்குச் சற்று மேல் நீளம், பதின்மூன்று வளைவு. பதின்மூன்று தூண் என்று சிலர் எழுதுகிறார்கள். பதின்மூன்று வளைவுக்கு நடுவில் பன்னிரண்டு தூண்தான் வரும், இரண்டு முனையிலும் அபட்மென்ட், அதாவது கரையோடு சேரும் தாங்குசுவர். பக்கத்துப் பக்கத்து வளைவுகள் பக்கவாட்டில் தள்ளும் உதைப்பு ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால்தான் தூண்களை இவ்வளவு ஒல்லியாக உயர்த்த முடிகிறது. ஒரு வளைவு மட்டும் தளர்ந்தால் அடுத்ததற்கும் ஆபத்து என்பது அதே கணக்கின் மறுபக்கம்.

தண்ணீர் எப்படிக் கெடுக்கும்? வளைவுக்கு மேலே மண்ணும் கல்லும் நிரப்பி, அதன்மேல் ஜல்லி, அதன்மேல் தண்டவாளம். மழை ஜல்லி வழியே இறங்கி வடிகால் துளைகளில் வெளியேற வேண்டும். துளை அடைபட்டால் நீர் சாந்துக்குள் ஊறிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். வளைவின் அடிவயிற்றில் வெள்ளை வெள்ளையாக ஒழுகிக் காய்ந்த தடம் தெரிந்தால் அதுதான். இன்னொரு வினை, பறவை எச்சத்தில் முளைக்கும் அரசும் ஆலும். மேலே வெட்டிவிட்டுப் போனால் ஒரே மழையில் இரட்டிப்பாய்த் தழைக்கும். வேர் மிச்சமில்லாமல் எடுத்து, இணைப்பைச் சாந்தால் அடைத்தால்தான் தீரும்.

விரிசலையும் எல்லாம் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. பக்கச் சுவருக்கும் வளைவுக்கும் நடுவே நீளவாட்டில் ஓடினால், உள்ளே நிரப்பிய மண் ஈரத்தில் சுவரை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். வடிகாலைச் சரிசெய்தால் பெரும்பாலும் நிற்கும். வளைவின் உச்சிக்கருகே குறுக்கே போனால் விளையாட்டில்லை. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்துத் தேதி எழுதி வைப்பார்கள். அது உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. நகரவில்லை என்றால் கிரௌட்டிங், அதாவது துளையிட்டுச் சிமென்ட் கரைசலை உள்ளே செலுத்துவது: 25 மி.மீ. துளை, சுமார் 200 மி.மீ. ஆழம், அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் இடைவெளியில் மாற்றி மாற்றி. முந்தின நாளே தண்ணீர் செலுத்திக் கழுவிவிட்டு, கீழிருந்து மேலாகச் சிமென்ட் பாலை ஏற்ற வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய கல்லே பெயர்ந்துவிடும். கலந்த பாலைக் கால் மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

குகை வேறு கதை. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே இருப்பது பெரியது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் மாநிலத்தில் நுழைந்து கேரளத்தில் வெளியே வருகிறாய். பாறை உறுதியானதுதான், ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் அந்த மலையில் இறங்கும். பாறைப் பிளவில் கசியும் நீர் ஓரக் கால்வாயில் ஓடவேண்டும். கால்வாயில் மண் சேர்ந்தால் நீர் ஜல்லிக்குள் புகுந்து சேறாகும், ரயில் போகும்போதெல்லாம் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பர் சேற்றைப் பம்ப் அடிக்கும், பாதை மட்டம் ஒரு பக்கம் தாழும். வெயில் படாததால் தண்டவாளத்தின் அடிப்பகுதி வெளியில் இருப்பதைவிட வேகமாக அரிக்கும், அதை ஸ்லீப்பரோடு பிடித்துவைக்கும் கிளிப் துருவேறிக் கெட்டியாகிவிடும். அதனால்தான் கிரீஸ் வைப்பதிலும் கால்வாய் தூர்வாருவதிலும் பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள் அவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரியாது.

பேரனைக் கூட்டிப்போவதாக இருந்தால் ரயிலில் மட்டும் போகாதே. ஏறி நிற்கும் பாலம் கண்ணுக்குத் தெரியாது. கழுதுருட்டியில் ரோடு பாலத்தை ஒட்டியே போகிறது, இறங்கி நின்று பார். கொல்லம் எக்ஸ்பிரஸ் கடக்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. மழை விட்டுச் சில மணி நேரம் கழித்துப் போனால் எந்த வளைவு சொட்டுகிறது என்று தெளிவாகத் தெரியும். அடிவயிற்றைப் படம் எடுத்து அனுப்பு, வெள்ளைத் தடம் இருக்கிறதா பார்க்கிறேன்.

மதினிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்